கோயில் வாசலுக்கு வெளியே உருமி: சுங்கை சிப்புட் குழு ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தைப்பூசம் முடிந்த மறுவாரம் எந்த உருமி மேளக் குழுவின் யூடியூப் கணக்கைத் திறந்து பார்த்தாலும் ஒரே படம்தான். மூன்று வாரமாக ஏறிய பார்வைக் கோடு ஏழே நாளில் இறங்கிவிடும். 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25. பிப்ரவரி பிறந்து சில நாட்களுக்குள் நான் பார்த்துக்கொள்ளும் குழுவின் கோடு தரையில் படுத்துவிட்டது. குழுத் தலைவர் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அண்ணே, அக்கவுண்ட்ட யாராச்சும் பிளாக் பண்ணிட்டாங்களா?" என்றார்.

யாரும் எதுவும் செய்யவில்லை. கேட்கிறவர்கள் காவடியை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இந்தக் கோட்டை எப்படித் தூக்குவது என்று நாங்கள் முட்டி மோதியதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழுவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் போடவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டது அது. நான் சுங்கை சிப்புட்டில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே சின்னதாக ரெக்கார்டிங் அறை வைத்திருப்பவன். குழுவிடம் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவன். ஆகவே என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள்.

ஊரும் குழுவும்

சுங்கை சிப்புட் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊர் வருவது 1948 ஜூன் 16-க்காக. தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்த நாள் அது. வீட்டுப் பேச்சில் ஊரின் பெருமை வேறு. இங்கே பிறந்து நாட்டின் அமைச்சரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். தொழிலாளிகளே பங்கு போட்டு வாங்கட்டும் என்பது அவர் கணக்கு. சில தோட்டங்கள் அப்படித் தப்பின. மற்ற இடங்களில் பால்மரம் என்கிற ரப்பர் சாய்ந்து செம்பனை வந்தது, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயம் காலியானது. சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்றும் சிதறிப் போனார்கள். இந்தச் சிதறலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

குழுவில் ஒன்பது பேர். உருமி நான்கு, தப்பு மூன்று, பம்பை ஒன்று, ஜால்ரா ஒன்று. உருமி அடித்துக்கொண்டே பாடுவது தலைவர். எல்லாருமே தோட்டத்துப் பிள்ளைகள், ஆனால் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் ஒருவரும் இல்லை. தொழிற்சாலை, லாரி, ஒருவர் பள்ளி வேன். கோயில் திருவிழா, காவடி, கல்யாணம், சாவு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வந்தவர்கள். 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் புக்கிங் மொத்தமும் போனது. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் பழைய கைப்பேசிப் பதிவுகளை யூடியூபில் ஏற்றினார்கள். வீட்டுக்குள் அடைபட்டிருந்த சனத்துக்கு அது கோயிலாகவே இருந்தது. ரதம் போவதை ஒரு மணி நேரம் வெட்டாமல் எடுத்த பதிவுகளைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டுச் சமைத்தார்கள். யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் அப்போது 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீளப் பதிவுகள் அந்த மணிக்கணக்கைச் சுலபமாக நிரப்பின.

அதோடு நின்றது. மூன்று ஆண்டு எதை ஏற்றினாலும் அதே ஆட்கள்.

யார் கேட்கிறார்கள்

யூடியூப் தன் கணக்குப் பக்கத்தில் புதிதாக வருபவர்களையும் திரும்பி வருபவர்களையும் இரண்டு கோடாகப் பிரித்துக் காட்டும். எங்கள் குழுவுக்குத் திரும்பி வருபவர் கோடு திடமாக இருந்தது. புதியவர் கோடு தைப்பூசத்துக்கு மட்டும் தலை தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. வயதைப் பார்த்தால் பெரும்பாலும் 18 முதல் 34. பாலினத்தைப் பார்த்தால் ஆண்கள். நாட்டைப் பார்த்தால் மலேசியா, ரொம்ப தூரம் தள்ளிச் சிங்கப்பூர்.

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு குழுவில் உருமி தூக்குகிற பையன்களாக இருக்க வேண்டும். அடுத்த செட் என்ன அடிக்கிறான், எந்த அடியை நாம் எடுக்கலாம் என்று பார்க்க வருகிறவர்கள். தலைவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "நாங்களும் அவங்க வீடியோவ அப்படித்தான் பாக்குறோம் லா" என்றார். சமையல்காரர்கள் மட்டும் சாப்பிட வரும் கடை மாதிரி ஆகியிருந்தது. பந்தயத்துக்கு அது நல்லது. வளர்ச்சிக்கு ஆகாது.

தேடல் சொற்களிலும் ஒன்று தெரிந்தது. வந்தவர்களில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடியவர்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் நாடுதான் இது. ஆனாலும் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு பாடமெல்லாம் மலாயில் போவதால் விரலுக்குப் பழகியது ரோமன் எழுத்து. எங்கள் தலைப்புகள் சுத்தத் தமிழில் இருந்தன. மாற்றினோம். தமிழ் முதலில், ரோமன் எழுத்தில் அதே சொல் அடுத்து. உதவியது, ஆனால் அதுவும் வட்டத்துக்குள் இருப்பவர்களையே இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தந்தது.

தப்புக் கணக்குகள்

முதல் யோசனை எல்லாருக்கும் வருவதுதான்: சினிமாப் பாட்டை உருமியில் அடிப்பது. மூன்று போட்டோம். பார்வை வந்தது. யூடியூபின் உரிமைச் சோதனைக் கருவி பாட்டை அடையாளம் கண்டு விளம்பரக் காசை உரிமைக்காரருக்குத் திருப்பிவிட்டது. அது நியாயம்தான், குறை சொல்ல முடியாது. பாட்டுக்காக வந்தவர் பாட்டு முடிந்ததும் அசல் பாட்டுக்கே போய்விட்டார் என்பதுதான் எங்களுக்கு நட்டம்.

இரண்டாவது தப்பு முழுக்க என்னுடையது. ஸ்போட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் ஒன்றில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் வந்தார். 200 வெள்ளி, அதாவது ரிங்கிட். கொடுத்தேன். ஒரே வாரத்தில் எண்ணிக்கை எகிறியது. எல்லாம் எங்களுக்கு ஒரு மாமன் மச்சான்கூட இல்லாத ஊர்களிலிருந்து. அதே வேகத்தில் எண்ணிக்கை அழிக்கப்பட்டது. 2024 முதல் போலிக் கேட்பு அப்பட்டமாகத் தெரிந்தால் ஸ்போட்டிஃபை, பாட்டை அனுப்பிய வினியோக நிறுவனத்துக்கு அபராதம் போடுகிறது. எங்கள் வினியோகக்காரர்கள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, அந்தப் பாட்டைக் கழற்றிவிட்டார்கள். முறையிட்டுப் பார்த்தேன். ஒரே பதில் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் தலைவரின் பெயர் தப்பு. 200 வெள்ளி போனதைவிட, குழுவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்த அந்த சனிக்கிழமைதான் கசப்பு.

மூன்றாவது தப்பில் ஒரு பாடம் உண்டு. தமிழ்நாட்டை எட்ட வேண்டும் என்று டிக்டாக்கில் தினமும் ஒரு துண்டு போட்டோம். ஆறு வாரம் போட்ட பிறகுதான் பம்பைத் தம்பியின் மதுரை உறவுக்காரர், "இங்க அது ஓடாதே மாமா" என்றார். இந்தியா 2020 ஜூன் 29-இல் டிக்டாக்கைத் தடை செய்துவிட்டது. பத்திரிகையில் படித்திருக்கிறேன், பேசியிருக்கிறேன், ஆனால் வேலை செய்யும்போது மண்டைக்கு எட்டவில்லை. மலேசியாவில் எல்லார் கையிலும் டிக்டாக் இருப்பதால் உலகமே அதில் இருப்பதாக ஒரு பிரமை. அந்தத் தடைக்குப் பிறகு அங்கே குறும்படத் துண்டு என்றால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும்தான். ஒரே துண்டை மூன்று இடத்திலும் போடுவது கூடுதலாக ஐந்து நிமிட வேலை. ஆறு வாரம் அந்த ஐந்து நிமிடத்தைச் செய்யாமல் இருந்தோம்.

இடையில் தலைவருக்கு ஒரு கேள்வி. நம் ஆட்களில் வட்டத்தைத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினார்கள்? கண்ணெதிரே இரண்டு வழி இருந்தன. பினாங்கு அருமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்க வீட்டுப் பெயரானார்கள். மொழியை மாற்றினார்கள். யோகி பி, நட்சத்திரா தமிழை விடாமல் ராப்பை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு வரை போனார்கள். வடிவத்தை மாற்றினார்கள். உருமிக் குழுவிடம் இந்த இரண்டையும் கேட்க முடியாது. மலாயில் பாடினால் காவடிக்குக் கூப்பிட மாட்டார்கள், ராப் பாட அவர்களுக்குத் தெரியாது. கையில் இருப்பது ஒரு தோல் கருவி மட்டும். அதைக் கேட்க வேறு யாருக்குக் காது இருக்கிறது என்று தேடுவதைத் தவிர வழியில்லை.

வாளி சத்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அறைக்கு வரச் சொல்லி, அவர்களின் சிறந்த பதிவை என் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். தலை ஆடியது. அதையே பம்பைத் தம்பியின் கைப்பேசியில் போட்டு மேசைமேல் வைத்தேன். டப், டப், டப். பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவது போல. அறை அமைதியாகிவிட்டது.

"உருமி எங்கண்ணே?"

அதுதான் விஷயம். உருமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் அடி விழும். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது எழும் 'ஊ...ம்' என்ற இழுவையால்தான் அந்தப் பெயர். அந்த இழுவை கீழ்ச் சுரத்தில் ஓடுகிறது. கைப்பேசியின் கடுகு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. கோயில் வாசலில் உருமி கேட்டு வளர்ந்தவன் கைப்பேசியில் அடியை மட்டும் கேட்டாலும் இழுவையை மனசே போட்டுக்கொள்ளும். கேட்டே இராதவனுக்கு அது வாளிதான். வட்டத்துக்கு வெளியே இருப்பவரிடம் நாங்கள் இத்தனை நாள் வாளியைத்தான் காட்டியிருக்கிறோம்.

அன்றிலிருந்து பதிவு முறையை மாற்றினேன். உருமியின் தேய்க்கும் முகத்துக்குத் தனி மைக், அடிக்கும் முகத்துக்குத் தனி. தேய்ப்பின் தடத்தை ஒரு பிரதி எடுத்து, அதை வேண்டுமென்றே கொஞ்சம் கரகரப்பாக்கி அசல் தடத்துக்குக் கீழே கலப்பது. கரகரப்பில் மேல் அதிர்வெண்கள் பிறக்கும். கைப்பேசி அவற்றை ஒலிக்கும். அவற்றைக் கேட்ட மூளை, ஒலிக்காத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். காது செய்யும் பழைய வித்தை இது. அப்புறம் சத்தம். கோயிலில் ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்துப் பழகியவர்கள் பதிவிலும் அதையே கேட்பார்கள். ஸ்போட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற ஒரே சத்த அளவுக்கு இறக்கி ஏற்றிச் சமப்படுத்திவிடும். நசுக்கி நசுக்கிச் சத்தமாக்கிய பதிவு அங்கே தட்டையாகக் கேட்கும், வேறொன்றும் கிடைக்காது. தப்புக்காரர்கள் இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களுடைய அடி "அமுங்கிப்போச்சாம்".

கை மட்டும் தெரியும் படம்

அடுத்து எடுத்தது 11 நிமிடப் படம். பாட்டு இல்லை, சாமி இல்லை, ஆள் முகம் இல்லை. ஒரு கை, ஒரு குச்சி, ஒரு தோல். குச்சியை எப்படி வளைப்பது, தோலில் என்ன தடவுவது, எங்கே அழுத்தினால் இழுவை மேலே போகும், எங்கே விட்டால் கீழே இறங்கும். தலைவரின் சித்தப்பா பேசுகிறார், அடியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடுகின்றன. தலைப்பில் உருமி என்ற பெயரோடு, தேய்த்து ஒலிக்கும் முரசு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தோம்.

அந்தச் சொல்தான் கதவு. தேய்த்து ஒலிக்கும் முரசு உலகத்தில் நிறைய உண்டு. பிரேசிலில் சம்பாவுக்கு வாசிக்கும் குயிக்கா, ஸ்பெயினில் கிறிஸ்துமஸுக்கு எடுக்கும் சம்போம்பா, நெதர்லாந்தில் ரொமல்பொட், ருமேனியாவில் புத்தாண்டுக்கு உறுமும் புகாய். இவற்றை வாசிப்பவர்களும் தாள வாத்தியம் படிப்பவர்களும் சின்னக் கூட்டம்தான், ஆனால் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே இருக்கும் கூட்டம். தைப்பூசம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், 11 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நாங்கள் உடனே பாட்டுகளை அவர்கள் முன்னால் வைத்தோம். ஒருவரும் தொடவில்லை. அவர்களுக்குப் பாட்டு வேண்டாம், அடி வேண்டும் என்று புரிய இரண்டு மாதம் ஆனது. புரிந்ததும் ஒவ்வோர் அடியையும் தனியாக, ஒற்றை உருமியில், மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை என்று வெளியிட்டோம். பயிற்சிக்கு ஓடவிடுகிறார்கள். தைப்பூசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. ஸ்போட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் 2024 முதல் காசு கிடையாது. 30 விநாடியாவது ஓடினால்தான் ஒரு தடவை என்று கணக்கு. எங்கள் பக்திப் பாட்டுகளில் பல அந்தக் கோட்டைத் தாண்டாமல் கிடக்க, வெறும் உருமித் தடங்கள் தாண்டின. குழுவில் பாடுகிறவர் தலைவர் என்பதால் இந்தச் செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லா அடியையும் வெளியிடவில்லை. சாமி அழைக்கும் அடி இரண்டைச் சித்தப்பா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "இத ஒருத்தன் ரூம்ல உக்காந்து அடிச்சு, அவனுக்கு ஒண்ணு வந்துருச்சுன்னா யாரு இறக்கி விடுறது?" எனக்கு அதில் நம்பிக்கை எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஆனால் வட்டத்துக்கு வெளியே போகும்போது எதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டும், அந்த உரிமை அவருடையது.

பெரட்டுக் களத்து ஒப்பாரி

ஜால்ரா தம்பியின் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டியது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். ஒப்பாரி சொல்வதில் அந்த வட்டாரத்துக்கே அவர்தான். பதிவு செய்யலாமா என்று கேட்டதும் வீட்டில் பெரிய சத்தம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியா? என் அறைக்கு வரச் சொன்னேன். அங்கேயும் மாட்டேன் என்றார். கீழே கடை வைத்திருக்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, நல்லவர், அவர் வியாபாரத்துக்கு ஆகாதாம். கடைசியில் பாட்டியே இடம் சொன்னார். அவர் பிறந்த தோட்டத்தில், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் பழைய லயத்து வாசல். "அங்க எல்லாரும் ஏற்கனவே செத்துட்டாங்க."

சுற்றிலும் செம்பனை. காலை ஏழரைக்கே காற்று, மட்டைகள் உரசிக்கொண்டே இருந்தன. மைக்குக்குக் காற்றுத் தடுப்பு கொண்டுபோக மறந்துவிட்டேன். பாட்டியின் பேரனிடம் பள்ளிக்கூடக் காலுறை ஒன்றை வாங்கி மாட்டினேன். தலைவர் உருமியை மடியில் வைத்து, அடிக்காமல், இழுவையை மட்டும் பிடித்துக்கொண்டார். பாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசற்படி இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் வாயை ஒரு தரம் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெரட்டுல பேரு வாசிச்சான்
எல்லாரும் குரல் கொடுத்தாங்க
ஒம் பேரு வந்தப்ப மட்டும்
ஓலை அசையலையே எஞ்சாமி"

விடிகாலையில் கங்காணி பெயர் கூப்பிடும் பெரட்டு தெரிந்தவர்களுக்கு இந்த நான்கு வரி போதும். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். ஒலிப்பதிவு செய்பவன் செய்யக்கூடாத வேலை அது.

முகம் காட்டக்கூடாது என்பது பாட்டியின் நிபந்தனை. சுவரையும் செம்பனையையும் செருப்பையும் மட்டும் காட்டி, நான்கு நிமிடத்தில் முடித்தோம். பார்வையாளர் பட்டியலில் அதுவரை ஓரமாக இருந்த பெண்கள் பக்கம் முதல் தடவையாக நிமிர்ந்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். மலேசியாவுக்கு அடுத்தபடி சிங்கப்பூர், அப்புறம் தமிழ்நாடு, பிரிட்டன். நான் முன்னால் சொன்ன சிதறல் இதுதான். தோட்டத்தைவிட்டுப் போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். இது யூடியூப் தானாகத் தள்ளியதால் வரவில்லை, வாட்சாப்பில் குடும்பக் குழு குடும்பக் குழுவாகக் கைமாறி வந்தது. கணக்குப் பக்கத்தில் அது 'வெளியிலிருந்து' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது தெரியாது.

இந்தப் பாட்டுக்கு விளம்பரம் வேண்டாம் என்று குழு முடிவெடுத்து அணைத்துவிட்டது. வியாபார புத்தி உள்ள யாரும் செய்யாத காரியம். எனக்கும் சரி என்றே பட்டது.

கொம்பாங்கும் தப்பும்

உருமித் தம்பிகளில் ஒருவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் மலாய்க்கார நண்பரின் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வரும்போது கொம்பாங் என்ற மலாய்க் கைம்முரசு அடிப்பார்கள். அந்தக் குழுவை நடத்தும் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், எங்கள் தாமானுக்குப் பின்னாலிருக்கும் கம்போங்கைச் (மலாய்க் கிராமம்) சேர்ந்தவர். சேர்ந்து அடித்தால் என்ன என்று நண்பர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். நான் கேள்விப்பட்டதே கடைசியில்.

பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தில் முதல் ஒத்திகை. எங்கள் ஆட்கள் வெளியே பழைய பத்திரிகையைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டினார்கள். பாக்சிக் வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் கொம்பாங்கை எடுத்தார். தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு பிரம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிலும் திணித்தார். செடாக் என்று அதற்குப் பெயர். அதுவும் ஆட்டுத் தோல், விறைப்பேற்ற நெருப்பு வேண்டியதில்லை. தலைவர் பிரம்பை வாங்கிப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, "மழைல நம்ம தப்பு செத்துப்போவும்போது இது உயிரோட இருக்கும் போல" என்றார். மொழிபெயர்த்தேன். பாக்சிக் சிரித்து, "பொலே லா, பொலே" (முடியும், முடியும்) என்று ஒரு பிரம்புத் துண்டைக் கொடுத்துவிட்டார். அது தப்பில் பொருந்தவில்லை, அது வேறு கதை.

சேர்த்து அடித்தபோது நாராசம். கொம்பாங் அடி பல கைகளாகப் பின்னிக்கொள்வது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் விழுவார், இடைவெளியே கிடையாது. அதில் தப்பு மூன்று நுழைந்தால் தகரக் கூரைமேல் கல்மழைதான். இரண்டு ஒத்திகை சண்டையில் போனது. மூன்றாவதில் பாக்சிக்கே வழி சொன்னார்: அவர்களுக்கு அடிக்க ஆள் இருக்கிறார்கள், இழுக்க ஆள் இல்லை. தப்பும் பம்பையும் ஓய்ந்தன. நான்கு உருமிகளும் அடிக்காமல் இழுவையை மட்டும் கொம்பாங்குக்கு அடியில் விரித்தன. மாப்பிள்ளை வாசலை நெருங்கும்போது மட்டும் தப்பு எட்டுச் சுற்று.

அவர்களும் ஒரு கோடு போட்டார்கள். நபியைப் போற்றும் செலவாத் ஓதும் பகுதியில் கலப்பு வேண்டாம். எங்கள் சித்தப்பா முன்பு போட்ட கோட்டை நான் அப்போதே பாக்சிக்கிடம் சொல்லியிருந்தேன், அதனால் இது யாரையும் புண்படுத்தவில்லை.

படத்தை நாங்கள் முதலில் ஏற்றவில்லை. தலைப்பை மலாயில் எழுதி, முடித்த படத்தைப் பெண்ணின் குடும்பத்துக்கு அனுப்பி, சம்மதம் கேட்டோம். அவர்கள் தங்கள் கணக்கில் போட்டுவிட்டுத்தான் எங்களை இணைத்தார்கள். மலாய்ப் பார்வையாளர்கள் எங்களிடம் தேடி வரவில்லை. தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்க வந்து, அடியில் உறுமுவது என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். நான்கு ஆண்டு இணையத்தில் தேடிய ஆட்கள் தாமானுக்குப் பின்புறச் சாலையில் இருந்திருக்கிறார்கள்.

சீனப் பள்ளி மாணவர்களின் 24 பருவ முரசுக் குழு ஒன்றோடும் முயன்றோம். 1988-இல் ஜொகூர் பாருவில் பிறந்து நாடெங்கும் பரவிய கலை அது. கண்ணுக்கு அற்புதமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் உச்ச சத்தம், யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய ஆட்கள் என்ன சொன்னார்கள்

திட்டினார்கள். "உருமிய வித்துட்டாங்க", "கல்யாண பேண்டு ஆயிட்டாங்க". வேறு குழுக்காரர்கள் சிலர் சந்தாவை விட்டார்கள். உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன்: ஒப்பாரியைப் போட்ட வாரம் வழக்கமான பையன்கள் அதைத் தொடவில்லை, அடுத்து வந்த காவடிப் பதிவும் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் எழுந்தது. தலைவர் பயந்துவிட்டார். தனித்தனிக் கணக்காகப் பிரித்துவிடலாமா என்று நாங்கள் மூன்று இரவு பேசினோம்.

பிரிக்கவில்லை. யூடியூப் ஒரு படத்தை ஆளைப் பார்த்துத்தான் காட்டுகிறது. காவடி பார்த்தவனுக்குக் காவடி, ஒப்பாரி பார்த்த அக்காவுக்கு ஒப்பாரி. பட்டியல்களை மட்டும் கறாராகப் பிரித்து, காவடிக்கு ஒரே மாதிரி முகப்புப் படம், பயிற்சி அடிக்கு வேறு நிறம், மற்றதுக்கு வேறு என்று வைத்தோம். முகப்பைப் பார்த்ததுமே தன்னுடையதா இல்லையா என்று தெரிந்துவிடும். அடுத்த காவடிப் பதிவு பழைய வேகத்துக்குத் திரும்பியது. ஸ்போட்டிஃபையில் மட்டும் பிரித்தோம். பயிற்சி அடியும் ஒப்பாரியும் ஒரே பெயரில் இருந்தால் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றது தானாக ஓடும், இரண்டு பேருக்கும் எரிச்சல்.

காசு? இணையத்திலிருந்து வருவதை ஒன்பதாகப் பிரித்தால் ஆளுக்கு மாதம் ஒருவேளை நல்ல சாப்பாடு. வித்தியாசம் புக்கிங்கில். கொம்பாங் படத்துக்குப் பிறகு இரண்டு மலாய்க் கல்யாணம், ஒரு பள்ளிக் கலைவிழா, ஒரு தொழிற்சாலையின் தீபாவளித் திறந்த இல்லம். எல்லாம் தைப்பூசம் இல்லாத மாதங்களில். பயிற்சி அடியால் ஒரு புக்கிங்கும் வரவில்லை, ஆனால் நேரலையில் பாடம் கேட்டு இரண்டு பேர் சித்தப்பாவிடம் படிக்கிறார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வகுப்பு நடக்கிறது.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. கோடு வழக்கம்போல் ஏறி, வழக்கம்போல் இறங்கியது. தரையைத் தொடவில்லை, முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டது. தலைவர் இந்தத் தடவை கைப்பேசியை நீட்டவில்லை. என் மேசைமேல் இருந்த காலுறையை எடுத்துக் காட்டி, "பாட்டி இன்னொண்ணு சொல்லுதாம். தாலாட்டாம். அத வீட்டுலயே பாடலாமாம், ஆனா ஃபேன ஆஃப் பண்ண மாட்டேங்குது" என்றார். ஃபேன் சத்தத்தை எப்படி எடுப்பது என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.